ஒரே பெயரில் எட்டுத் தாள்கள்: ‘கரோலைனா ஷவுட்’ பாடபேத ஆய்வு

சிக்கல் இடது கையில் தொடங்கியது.

என்னிடம் பியானோ கற்கும் மாணவி ஒருத்தி அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலைனா ஷவுட்’ பழகிக்கொண்டிருந்தாள். தாள் நான் கொடுத்தது. கேட்டுப் பழகச் சொன்ன பதிவும் நான் காட்டியதுதான்: 1921 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் ஓகே நிறுவனத்துக்காக ஜான்சனே வாசித்த தட்டு. இரண்டு வாரம் கழித்து வந்து உட்கார்ந்தவள், வாசிக்கத் தொடங்கவே இல்லை.

“சார், தட்டுல ஒண்ணு கேக்குது, தாள்ல வேற ஒண்ணு இருக்கு. எதை வாசிக்கட்டும்?”

எங்கே என்று கேட்டேன். முதல் பகுதியிலேயே என்றாள். தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் பதிவைக் கேட்டோம். அவள் சொன்னது சரி.

இந்த மெட்டின் பாணியான ஸ்ட்ரைடு பியானோவில் இடது கைக்கு ஒரு நடை உண்டு. நான்கு எண்ணிக்கையில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் கை கீழே இறங்கி பாஸ் கட்டையை அழுத்தும். இரண்டுக்கும் நான்குக்கும் நடுப்பகுதிக்குத் தாவி ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், பிடிக்கும். கீழ், மேல், கீழ், மேல். இந்த நடை மாறாமல் ஓடினால் அது பயிற்சிப் பாடம். ஜான்சன் அதை உடைக்கிறார். இரண்டு பார்களின் எட்டு எண்ணிக்கையை நாலும் நாலுமாகப் பிரிக்காமல் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கிறார். நம் வாயால் சொன்னால் தகிட தகிட தக. வலது கை தன் போக்கில் போய்க்கொண்டிருக்க, இடது கை ஒரு கணம் வழுக்கி, சரியான இடத்தில் மறுபடி கால் ஊன்றுகிறது. இந்த இசையைக் கேட்கிறவர் இருக்கையில் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான்.

எங்கள் தாளில் அது இல்லை. கீழ், மேல், கீழ், மேல் என்று அந்தப் பகுதி முழுக்கச் சமமாக ஓடியது. தாளின் தலைப்பில் ‘ஒரிஜினல்’ என்ற சொல் மட்டும் இருந்தது.

அந்தத் தாள் பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் எனக்குக் கொடுத்த நகலின் நகல். நான் அதை ஸ்கேன் செய்து கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேருக்கு என்று கணக்கு வைக்கவில்லை. அன்றிரவு என்னிடமிருந்த, பிறரிடம் கேட்டு வாங்கிய ‘கரோலைனா ஷவுட்’ தாள்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தேன். எட்டுக் கோப்புகள். எட்டுக்கும் ஒரே பெயர். ஒன்றோடு ஒன்று முழுதாக ஒத்துப்போன இரண்டுகூட அவற்றில் இல்லை. இந்தக் குறிப்பு அந்த எட்டையும் மூலம் தேடிப் பிரித்துப் பார்த்தது பற்றியது.

மெட்டு பிறந்த இடம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது: இந்த மெட்டுக்கு ‘ஒரிஜினல்’ தாள் என்று ஒன்று உண்டா?

ஜாஸுக்கு முந்தைய பியானோ இசையான ராக்டைமுக்கு உண்டு. ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899-ல் மிசூரி மாநிலத்தின் செடேலியா ஊரில் ஜான் ஸ்டார்க் அச்சிட்டு விற்றது. ஒரு பிரதிக்கு ஒரு சென்ட் ஜாப்ளினுக்கு என்று ஒப்பந்தமே இருந்தது. ஜாப்ளின் எழுதினார், அச்சானது, வாங்கியவர்கள் பார்த்து வாசித்தார்கள். அங்கே தாள்தான் படைப்பு. அதில் சந்தேகம் வந்தால் அச்சுப் பிரதியைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஜான்சன் அடுத்த தலைமுறை. 1894-ல் நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். 1908-ல் குடும்பம் நியூயார்க் வந்து சான் ஹுவான் ஹில் பகுதியில் குடியேறியது. இன்று லிங்கன் சென்டர் நிற்பது அந்தப் பகுதியில்தான். அங்கே 62ஆம் தெருவில் ஜங்கிள்ஸ் காசினோ என்று ஓர் ஆட்டக்கூடம். தென் கரோலைனா, ஜார்ஜியா கடற்கரைகளிலிருந்து பிழைப்புக்கு வந்த கறுப்பின மக்கள் இரவில் அங்கே கூடி ஊர் ஆட்டங்களை ஆடுவார்கள். அவர்களுக்கு இரவு முழுக்கப் பியானோ வாசித்த பையன் ஜான்சன். ‘கரோலைனா ஷவுட்’ அந்த ஆட்டங்களுக்கு வாசித்த மெட்டுகளில் ஒன்று என்று பிற்காலப் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். பெயரில் உள்ள ‘ஷவுட்’ கூச்சல் அல்ல. வட்டமாக நின்று காலை இழுத்து இழுத்து வைத்து, கைதட்டி, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பதில் பாடும் தெற்கத்திய வழிபாட்டு ஆட்டத்தின் பெயர் அது. இந்த மெட்டின் நடுவில் தாழ்ந்த குரலும் உயர்ந்த குரலும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல் ஒரு பகுதி வரும். அதைக் கேட்டால் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஆட்டக்கூடத்தில் வளர்ந்த மெட்டுக்கு நிலையான வடிவம் கிடையாது. ஆடுகிறவர்கள் ஓயும்வரை ஒரு பகுதியைத் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதாவது மாற்ற வேண்டும். பின்னால் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், வீட்டு வாடகைக்குப் பணம் சேர்க்க நடத்திய வாடகை விருந்துகளில் பியானோக்காரர்கள் ஒருவரையொருவர் வெல்லப் போட்டியிட்டபோது, ‘கரோலைனா ஷவுட்’ வாசிக்கத் தெரியாதவனுக்கு அந்த நாற்காலியில் இடமில்லை என்ற நிலை வந்தது. அங்கேயும் அப்படியே ஒப்பித்தால் மதிப்பில்லை. நமக்குப் பழகிய சொல்லில் சொல்வதானால், இதற்கு மூலப்பாடம் இல்லை, பாடாந்தரங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து, எந்த ஆண்டில், எதன் வழியாக வந்தது என்பதுதான் கேள்வி.

துளைக் காகிதம்

அச்சுத் தாளுக்கு முன்பே இந்த மெட்டு ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது. அது கண்ணால் படிக்கும் காகிதம் அல்ல. 1918-ல் ஆர்டெம்போ நிறுவனத்துக்கும், 1921-ல் க்யூ.ஆர்.எஸ். நிறுவனத்துக்கும் ஜான்சன் இதைப் பியானோ சுருளாக வாசித்தார். காஞ்சிபுரம் பட்டுத்தறியில் ஜக்கார்டு அட்டையின் துளைகள் எந்த இழை எழ வேண்டும் என்று சொல்வதுபோல, சுருளின் துளைகள் எந்தக் கட்டை அழுந்த வேண்டும் என்று பிளேயர் பியானோவுக்குச் சொல்லும். துளை வழியே காற்று பாயும், கட்டை தானாக இறங்கும்.

இந்தச் சுருள்தான் ஜாஸ் பியானோவின் முதல் பாடப்புத்தகம். பின்னாளில் பெரும் ஜாஸ் இசையமைப்பாளரான, அப்போது வாஷிங்டனில் இளைஞராக இருந்த டியூக் எலிங்டன் ‘கரோலைனா ஷவுட்’ கற்றது சுருளிலிருந்து. நண்பரான டிரம் கலைஞர் ஒருவர் வீட்டில் பிளேயர் பியானோவின் வேகத்தைக் குறைத்து வைத்து, கட்டைகள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார். 1921-ல் ஜான்சன் வாஷிங்டன் வந்தபோது அவர் முன்னாலேயே வாசித்தும் காட்டினார். ஹார்லெமில் ஃபேட்ஸ் வாலரும் இறங்கும் கட்டைகளின்மேல் விரல் வைத்துத்தான் இதைக் கற்றார். அவர் பிறகு ஜான்சனின் நேர் சீடரானார்.

தட்டு இருக்கும்போது ஏன் சுருள்? இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இசைத்தட்டை மெதுவாகச் சுற்றினால் சுருதி இறங்கிவிடும். பியானோ முனகத் தொடங்கும். சுருளை மெதுவாக ஓட்டினால் சுருதி இம்மியும் மாறாது, ஏனென்றால் ஒலிப்பது எதிரே நிற்கும் உண்மையான பியானோ. சுருளில் டெம்போ 70 என்று போட்டிருந்தால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி ஓட வேண்டும் என்று பொருள். நெம்புகோலைத் தள்ளி அதைப் பாதியாக்கலாம். போதாவிட்டால் நிறுத்திவிடலாம். ஒரு கார்டில் எந்தெந்தக் கட்டைகள் இறங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். அலுக்காத, கோபிக்காத, எத்தனை முறை கேட்டாலும் அதே இடத்தை அப்படியே திருப்பிக் காட்டும் குரு.

ஆனால் அந்தக் குரு சொல்வதை எல்லாம் நம்ப முடியாது. கலைஞர் வாசிக்கும்போது காகிதத்தில் கோடுகள் விழும். அந்தக் கோடுகளைப் பார்த்து ஒருவர் துளையிடுவார். தவறான சுரத்தை எடுத்துவிடுவார், நேரம் பிசகியதைச் சரியாக்குவார், நிறைவாகக் கேட்கட்டும் என்று சுரங்களைச் சேர்க்கவும் செய்வார். பியானோவுக்கு விரல் கணக்குத் தெரியாது. இரண்டு கைக்கு எட்டாததையும் அது வாசித்துக் காட்டும். எந்த அழுத்தத்தில் வாசித்தார் என்பது சாதாரணச் சுருளில் பதியாது. சுருளிலிருந்து எழுதிய தாள் கையில் கனமாக, முரடாக இருக்கிறது என்று மாணவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சட்டமும் இந்தச் சுருளை வைத்துத் திணறியது. 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பியானோ சுருள் என்பது இயந்திரத்தின் ஒரு பாகம், மனிதக் கண்ணால் படிக்க முடியாததால் அது இசைத்தாளின் நகல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே வந்த புதிய சட்டம், சுருளுக்கும் தட்டுக்கும் பிரதிக்கு 2 சென்ட் என்று இசையமைப்பாளருக்கு உரிமைத்தொகை நிர்ணயித்தது. நீதிமன்றம் படிக்க முடியாதது என்று சொன்ன அதே காகிதத்தை எலிங்டனும் வாலரும் விரலால் படித்தார்கள்.

அச்சு

கடைகளில் வாங்கும் இசைத்தாளாக ‘கரோலைனா ஷவுட்’ வந்தது 1920களின் நடுவில், கிளாரன்ஸ் வில்லியம்ஸ் பதிப்பகத்திலிருந்து. வில்லியம்ஸ் லூசியானாவிலிருந்து வந்த கறுப்பினப் பியானோக் கலைஞர், சொந்தமாகப் பதிப்பகம் நடத்தியவர். கறுப்பின இசையமைப்பாளரின் தாளைக் கறுப்பினப் பதிப்பாளர் வெளியிடுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல. அந்த அச்சுப் பிரதியை நான் மரியாதையோடுதான் கையாளுகிறேன்.

ஆனாலும் ஆண்டுகளைப் பாருங்கள். முதல் சுருள் 1918, தட்டு 1921, அச்சு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. மெட்டு ஊரெல்லாம் பரவி முடித்த பிறகு வந்தது தாள். மேலும், அக்காலத்தில் வீட்டில் வாசிப்பவர்களை நம்பித்தான் பதிப்பகங்கள் விற்றன. ஹார்லெம் கலைஞர்கள் இடது கையில் சர்வசாதாரணமாகப் பிடித்த பத்தாம் சுர இடைவெளி, சராசரிக் கைக்கு எட்டாது. அதனால் எளிதாக்கி அச்சிடுவது பொது வழக்கமாக இருந்தது.

இன்னொரு வகைத் தாளும் உண்டு. 1909 சட்டத்தின்படி, வெளியிடாத மெட்டுக்கும் உரிமை பதியலாம். ஆனால் சுரம் எழுதிய தாளைக் கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவைக் கொடுத்து மெட்டைப் பதிவு செய்ய 1978 வரை வழியில்லை. அதனால் அக்காலக் கலைஞர்கள் வலது கை மெட்டை மட்டும் ஒற்றை வரியாக எழுதி அனுப்பினார்கள். இடது கை இல்லை, நடை இல்லை. அரசு அலுவலகத்துக்கு அது போதுமாக இருந்தது. இன்று பலர் இவற்றை ‘இசையமைப்பாளர் கையெழுத்துப் பிரதி’ என்று பெருமையோடு பகிர்கிறார்கள். கையெழுத்து உண்மைதான். ஆனால் அதை வைத்து வாசித்தால் ஜாஸ் பியானோ வராது.

எட்டையும் பிரித்தது

முதலில் ஒரு பெரிய தாளில் மெட்டின் பகுதிகளை வரிசையாக எழுதினேன்: முன்னுரை, முதல் பகுதி, அதன் திருப்பம், அடுத்தடுத்த பகுதிகள், முடிவு. ஒவ்வொன்றின் எதிரிலும் எட்டுக் கட்டங்கள். தட்டின் பதிவையும் சுருள்களின் பதிவையும் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளும் எந்தப் பகுதியை எந்த வரிசையில் வைக்கிறது, எத்தனை முறை திருப்புகிறது என்று குறித்தேன். சுரம் சுரமாக ஒப்பிடுவது அதற்குப் பிறகு. இந்த வரிசை முக்கியம். திருப்பங்களின் கணக்கு மட்டுமே பாதிக் கோப்புகளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

முதல் கோப்பு அச்சுப் பிரதியின் ஸ்கேன். பதிப்பகப் பெயர் அடியில் தெரிந்தது, அதில் குழப்பமில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் தட்டைக் கேட்டு எழுதியவை. வலது கையில் இரண்டும் நன்றாக ஒத்துப்போயின. இடது கையில்தான் பிணக்கு. ஒருவர் தனிச் சுரம் என்று எழுதிய இடத்தில் மற்றவர் ஆக்டேவ் (ஒரே சுரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து) என்கிறார். இதில் இருவரையும் குறை சொல்ல முடியாது. 1921-ல் மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன் பியானோவை வைத்து வாசிக்க, ஒலியின் விசையிலேயே ஊசி அதிர்ந்து மெழுகில் கீறும். மின்சார ஒலிப்பதிவு வந்தது 1925-ல்தான். புனல் பதிவில் பியானோவின் அடிச்சுரங்கள் வெறும் இடிப்பாகத்தான் விழுந்தன. அங்கே என்ன சுரம் என்பது கேட்கிறவரின் ஊகம். பொறுப்பாகக் கேட்டு எழுதுபவர் அந்த ஊகத்தை அடைப்புக்குள் எழுதுவார்.

நான்காவது கோப்பு என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. ஜி மேஜரில் இருக்க வேண்டிய மெட்டு, ஏ ஃபிளாட்டில் இருந்தது. யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கை வைத்துப் பார்த்தால், வெள்ளைக் கட்டையில் இயல்பாக வழுக்கிப் போகும் விரல்வழி அந்தத் தாளில் முடிச்சு முடிச்சாக வந்தது. பிறகு பிடிபட்டது. ‘78’ என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அக்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. கேட்கும் இயந்திரமும் சரியாக 78-ல் சுற்றாது. வேகம் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரை சுரம் ஏறிவிடும். 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 82, 83-ல் ஓட்டினால் ஜி, ஏ ஃபிளாட் ஆகும். அப்படி வேகம் தப்பிய பதிவைக் கேட்டு, காது சொன்னதை நேர்மையாக எழுதியிருக்கிறார் அவர். உழைப்பு முழுவதும் சரி, அடித்தளம் அரை சுரம் தள்ளி. எந்தப் பதிவைக் கேட்டு எழுதினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இது ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

ஐந்தாவது, சுருளை ஸ்கேன் செய்து மிடி என்ற கணினி இசைக் கோப்பாக்கி, மென்பொருள் தானாக அச்சடித்த தாள். பார்த்தவுடன் தெரியும். எந்த மனிதரும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஓய்வை இத்தனை இடங்களில் எழுதமாட்டார். இதில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கும். சுருள் ஓட ஓட, காகிதம் ஏற்கும் பக்கத்து உருளை பருக்கும். பருக்கப் பருக்கக் காகிதத்தின் வேகம் மெல்லக் கூடும். ஸ்கேன் செய்பவர் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால், மெட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடை வித்தியாசப்படும். பிறகு அதைப் பார்த்து, ‘ஜான்சன் வேண்டுமென்றே மெதுவாக்கினார்’ என்று யாராவது விளக்கம் எழுதுவார்.

ஆறாவது, ‘ஜேம்ஸ் பி. ஜான்சன்’ என்று தலைப்பிட்டிருந்தாலும் ஜான்சனுடையதே அல்ல. பகுதிகளின் கணக்கு எதோடும் பொருந்தாததால், ஃபேட்ஸ் வாலர் 1941 மே 13 அன்று விக்டருக்காகப் பதிந்த வாசிப்போடு வைத்துப் பார்த்தேன். பொருந்திவிட்டது. குருவின் மெட்டைச் சீடர் இருபது ஆண்டு கழித்து வாசித்தது. அருமையான தாள், தவறான பெயர். வாலரின் கைவண்ணத்தை ஜான்சன் கணக்கில் எழுதுவது இருவருக்குமே செய்யும் அநியாயம்.

ஏழாவதுதான் நான் ஊரெல்லாம் அனுப்பிய தாள். அதன் மூலம் ஒன்றல்ல. முதல் இரண்டு பக்கங்கள் யாரோ தொடக்கநிலை மாணவர்களுக்காக எளிதாக்கியது. தகிட தகிட தக காணாமல் போனது அங்கேதான். நடுப்பகுதி இரண்டாவது கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியது. சுரத்தலைகளின் வடிவம்கூட ஒன்றாக இருந்தது. கடைசிப் பக்கம் அச்சுப் பிரதி. மூன்றையும் ஒட்டி, மேலே ‘ஒரிஜினல்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒட்டியவர், இரண்டாவது கோப்பின் அடியில் இருந்த, கேட்டு எழுதியவரின் பெயரை வெட்டி எறிந்திருக்கிறார்.

இதை மட்டும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று நிமிடத் தட்டைக் கேட்டு எழுத, பழகிய காதுக்கே வாரக்கணக்கில் ஆகும். அந்த உழைப்பின் ஒரே அடையாளம் அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெயர். இலவசமாகத்தானே பகிர்கிறோம் என்பது அதை வெட்டுவதற்குக் காரணம் ஆகாது. அந்தத் தாளை நானும் பல வருடம் கை மாற்றி விட்டிருக்கிறேன். வெட்டியது நான் இல்லை. ஆனால் ஒருமுறைகூட ‘இதை யார் எழுதியது?’ என்று நான் கேட்கவில்லை.

எட்டாவதைப் பற்றிக் கடைசியில்.

எதைப் பகிரலாம்

பழைய இசை என்றாலே எல்லாம் பொதுச்சொத்து என்று ஒரு தரப்பு; எதைத் தொட்டாலும் வழக்கு வரும் என்று இன்னொரு தரப்பு. இந்த ஒரு மெட்டை வைத்துப் பார்த்தால் இரண்டுமே தவறு.

மெட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு, பதிவைக் கேட்டு எழுதிய தாளின் உரிமை வேறு. மெட்டைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் 1926 முடிய அச்சானவை 95 ஆண்டுக் கணக்கில் 2022 ஜனவரி 1-க்குள் பொதுவுடைமை ஆகிவிட்டன. இந்தியாவில் இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. ஜான்சன் இறந்தது 1955 நவம்பரில். ஆகவே 2016 தொடக்கத்திலிருந்து தடையில்லை. 70 ஆண்டு கணக்கு வைக்கும் நாடுகளிலும் 2025 முடிவோடு தீர்ந்தது. பதிவைப் பொறுத்தவரை, 2018-ல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் அனைத்தும் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின. 1921 ஓகே தட்டு அதில் அடங்கும்.

வாலரின் 1941 தட்டு அடங்காது. 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு அங்கே 100 ஆண்டுக் காப்பு. 2040களின் தொடக்கம் வரை அது நீடிக்கும். ஆறாவது கோப்பின் பெயரைத் திருத்தியது வெறும் இசை நேர்மைக்காக அல்ல என்பது இப்போது புரியும். பெயர் தவறினால் உரிமைக் கணக்கும் தவறும்.

தட்டைக் கேட்டு எழுதியவர்கள் இருவரில் ஒருவரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. கடிதம் எழுதி, நடந்ததைச் சொல்லி, பகிர அனுமதி கேட்டேன். பெயரை எடுக்காமல் இருந்தால் போதும் என்றார். கூடவே, இத்தனை ஆண்டில் அவரே கண்டுபிடித்த மூன்று திருத்தங்களையும் அனுப்பினார். நாம் கேட்காமலே பகிர்ந்துகொண்டிருந்தால் அந்தத் திருத்தங்கள் வந்திருக்காது. இன்னொருவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கோப்பை நான் பகிர்வதில்லை. படிக்க விரும்புகிறவர் என் வீட்டுக்கு வந்து பியானோவில் வைத்து வாசித்துப் பார்க்கலாம்.

சேர்ப்பதில் இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஜான்சனின் வாழ்விலிருந்தே ஒன்று. அவர் ஆட்டக்கூடத்து மெட்டுகளோடு நிற்கவில்லை. சிம்ஃபொனி, கான்செர்ட்டோ எல்லாம் எழுதினார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் வரிகள் எழுத, ‘டி ஆர்கனைசர்’ என்ற ஓரங்க ஆபராவும் எழுதினார். 1940-ல் கார்னகி அரங்கில் அது பாடப்பட்டது. பிறகு இசைத்தாள் காணாமல் போனது. 1997-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பாடகர் குழு இயக்குநர் ஈவா ஜெஸ்ஸியின் தொகுப்பில், பியானோக் கலைஞரும் பேராசிரியருமான ஜேம்ஸ் டபோனி அதன் குரல்பகுதித் தாளைக் கண்டெடுத்தார். அதை வைத்துக்கொண்டு, இழந்த வாத்தியப் பகுதிகளை மீட்டெழுதி, 2002-ல் மறுபடி மேடையேற்றினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு முழு ஆபரா உயிரோடிருந்தது, ஒருவர் தன் தாள்களைக் கட்டிப் பத்திரமாக வைத்ததாலும், அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று இன்னொருவர் பார்த்ததாலும். ஜான்சனின் கல்லறைக்குப் பெயர்க்கல் வைத்ததுகூட 2009-ல்தான்.

இப்போது தொகுப்பு இருக்கும் நிலை

பெயர் மாற்றம்தான் முதலில் செய்தது. ‘கரோலைனா ஷவுட் ஒரிஜினல்’ என்ற பெயரில் இப்போது என்னிடம் எதுவும் இல்லை. மெட்டு, வாசித்தவர், ஊடகம், ஆண்டு, எழுதியவர் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பெயர். ‘கரோலைனா ஷவுட், ஜான்சன், ஓகே தட்டு, 1921’ என்று பார்த்தாலே எதைக் கேட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முதல் பக்கத்தின் தலையில் நாலு வரி: எந்தப் பதிவைக் கேட்டு எழுதியது, என்ன சுருதியில் அந்தப் பதிவு ஓடியது, எந்தெந்த பார்களில் இடது கை ஊகம், எங்கே எளிதாக்கப்பட்டிருக்கிறது. தட்டு ஒன்று சொல்லி, சுருள் வேறொன்று சொல்லும் இடங்களில் தட்டை மேலே எழுதி, சுருளைக் கீழே சின்ன எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உ.வே.சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் பிரதிபேதம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஏழாவது கோப்பை அழிக்கவில்லை. என்னிடமிருந்து வாங்கியவர்களில் நினைவுக்கு வந்த எல்லோருக்கும் எழுதி, எந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு சரியான தாளை அனுப்பினேன். அதற்குள் அவர்களும் யாருக்கெல்லாம் அனுப்பியிருப்பார்களோ. அதைத் திரும்ப வாங்க வழியில்லை. இந்தக் குறிப்பை விரிவாக எழுதுவதற்கு அதுவே முக்கியக் காரணம். தலைப்பில் ‘ஒரிஜினல்’ என்றும், முதல் பகுதியில் உடையாத இடது கையுமாக ஒரு ‘கரோலைனா ஷவுட்’ உங்களிடம் இருந்தால், அது அந்தத் தாளாக இருக்கக்கூடும்.

மாணவி இப்போது 1921 தட்டின் வழியில் பழகுகிறாள். முதல் வாரம் இடது கை மட்டும், தொடையில் தட்டி, வாயால் தகிட தகிட தக சொல்லிக்கொண்டு. பிறகு கட்டையில். வலது கையைச் சேர்த்த அன்று நாலாவது பாரில் இரண்டு கையும் முட்டிக்கொண்டு நின்றன. “இப்பதான் சார் தட்டுல கேக்குற மாதிரி கஷ்டமா இருக்கு” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

எட்டாவது கோப்பு கையெழுத்தில் எழுதிய ஆறு பக்கம். மை மங்கியிருக்கிறது. அதன் பகுதி வரிசை தட்டோடும் ஒட்டவில்லை, சுருள்களோடும் ஒட்டவில்லை, அச்சோடும் ஒட்டவில்லை, வாலரோடும் ஒட்டவில்லை. மூன்றாம் பகுதியின் கேள்வியும் பதிலும் வேறெதிலும் இல்லாத வகையில் இடம் மாறியிருக்கின்றன. எழுதியவருக்கு இடது கை நன்றாகத் தெரிந்திருக்கிறது. பத்தாம் சுர இடைவெளிகளைத் தயக்கமில்லாமல் எழுதியிருக்கிறார். மூலம் தெரியும்வரை அது பகிர்வுக் கோப்புறைக்குப் போகாது. அதை ‘மூலம் அறியப்படாதது’ என்று பெயரிட்டுத் தனியே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய பதிவை எடுத்து, அதன் எதிரே இந்த ஆறு பக்கத்தையும் விரித்துவைத்து, மூன்றாம் பகுதி வரும்வரை காத்திருக்கிறேன்.